சுவிட்சில் கட்டிய சிவப்புத் துணி

உங்கள் அறை மூலையில் இருக்கிற ஹீட்டர் டிக், டிக் என்று சத்தம் போடுகிறதே, அதற்குப் பயப்பட வேண்டாம். தகரம் சூடேறும்போது விரியும், ஆறும்போது சுருங்கும். அந்தச் சத்தம்தான். ஆனால் காற்று வருகிற சல்லடையை யாரோ இரண்டு குளிர்காலமாகத் துடைக்கவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று இருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். முன்பே தெரிந்திருந்தால் கையோடு எடுத்து வந்திருப்பேன்.

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார் மேஜையில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் குரலை உயர்த்தாமல் பதில் சொல்லிப் பழகிவிட்டது. அதனால் நான் நிதானமாகப் பேசுவதைக் கல்நெஞ்சம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் இன்ஸ்பெக்டர் மேடம். வரிசையாகச் சொன்னால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும் என்றுதான்.

என் தங்கையின் வாக்குமூலத்தை நீங்கள் ஏற்கெனவே எழுதி, கோப்பைக் கட்டி வைத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் சூடும் வெயில் காலத்தில் குளிர்ச்சியும் ஒரே இயந்திரத்திலிருந்துதான் வர வேண்டும். கீழறையில், படிக்கட்டு முடிகிற இடத்தில் நிற்கிறது. அலமாரி உயரம், அதைவிடக் கொஞ்சம் அகலம். உள்ளே பெரிய காற்றாடி. அதை ஒரு பெல்ட் சுழற்றும். காற்று தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் ஏறும். அப்பா உயிரோடு இருந்தபோது வாங்கிப் போட்டது. அவர் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது. அது இன்னும் ஓடுகிறது. என் தங்கை அதற்குப் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்திருந்தாள். “அக்கா, பெரியவர் இன்னைக்கு ஒரே இருமல்” என்பாள். “பெரியவருக்குக் கோபம் வந்துடுச்சு, ஸ்வெட்டர் எடு” என்பாள். அவளுக்கு நாற்பத்தேழு வயது. எனக்கு அவளைவிட ஆறு வயது கூடுதல். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசித்தான் எங்கள் காலம் ஓடியது என்றுகூடச் சொல்லலாம்.

இயந்திரத்தை இருபத்திரண்டு வருஷமாக நானேதான் பழுது பார்க்கிறேன். பெண்பிள்ளைக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. உங்கள் ஆட்களும் அன்றைக்குக் கேட்டார்கள், “மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாமே” என்று. கேட்டவர்மேல் தப்பில்லை. முன்பு ஒரு மெக்கானிக் வந்துகொண்டுதான் இருந்தார்.

அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் அது. ஒரு வாரம் வீடு சூடாகாமல் போனாலும் அவளால் தாங்க முடியாது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வந்து போனார். அதிகம் பேசாதவர். ஆனால் வேலை செய்யும்போது இயந்திரத்தோடு பேசுவார். “உனக்கு என்ன குறை, மூச்சு முட்டுதா” என்று கேட்டுக்கொண்டே மறையைக் கழற்றுவார். நான் விளக்குப் பிடித்தபடி நிற்பேன். அவர் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் அதனிடம் பேசினார், நான் கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்தது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வேறு ஒன்றும் இல்லைதான். ஆனால் அவர் வருகிற நாளில் நான் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் முதல் நாளே ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். இயந்திரத்துக்கான பெரிய சுவிட்ச் கீழறைப் படிக்கட்டின் உச்சியில், கூடத்துச் சுவரில் இருக்கிறது. கீழே வேலை செய்கிறவருக்கு அது தெரியாது. மேலே நிற்பவருக்குக் கீழே இருக்கும் ஆள் தெரியாது. அதனால் வேலையில் கை வைப்பதற்கு முன் அவர் சுவிட்சை அணைத்து, அதன் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். “கட்டினவங்கதான் அவிழ்க்கணும்” என்பார். “எங்க முதலாளியே வந்து நின்னாலும் வேற ஆள் தொடக்கூடாது. துணி இருக்குன்னா உள்ள ஒரு கை இருக்குன்னு அர்த்தம்.” கீழிருந்து ஒருவர் “கை வெச்சுட்டேன்” என்று குரல் கொடுக்க வேண்டும். மேலிருந்து “கட்டியிருக்கு” என்று பதில் வர வேண்டும். வேலை முடிந்ததும் “கை எடுத்துட்டேன்.” அதன் பிறகுதான் முடிச்சு அவிழும். அம்மா படுக்கையில் இருந்தபடியே இதைக் கேட்டுச் சிரிப்பாள்.

அம்மா போன மூன்றாவது மாதம் அவர் வருவது நின்றது. கோடை தொடங்கும்போது வந்து பார்ப்பதாகச் சொன்னவர் வரவில்லை. நான் தங்கையிடம் கேட்டேன். “வேற ஊருக்கு மாறிப் போயிட்டாராம்க்கா, கடையில சொன்னாங்க” என்றாள். அவருடைய சிவப்புத் துணி சுவிட்சுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பென்சிலால் குறிப்பெழுதிய சின்னப் புத்தகம் ஒன்றும் இயந்திரத்தின் மேல் இருந்தது. சொல்லாமல் போனவர் திரும்பி வருவார் என்று ஒரு கோடை முழுக்க வெயிலில் வெந்தோம். பிறகு நான் புத்தகத்தைத் திறந்தேன்.

முதல் வருஷம் எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். ஒரு மறையைக் கழற்றினால் கடைசியில் இரண்டு மறை மிஞ்சும். போகப்போகக் கை பழகியது. காற்றாடியின் முன்னால் இருக்கிற வேலையெல்லாம் நான் செய்வேன். பின்பக்கத்துச் சக்கரத்தில் பெல்ட்டை ஏற்றுவதற்கு மட்டும் என் கை போகாது, முழங்கை இடிக்கும். தங்கையின் கை போகும். அவள் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போடுகிறவள். மெல்லிய, நீளமான விரல்கள். கண்ணை மூடிக்கொண்டே பெல்ட்டைச் சக்கரத்தில் உட்கார வைப்பாள். அவள் கீழே, நான் மேலே சுவிட்சருகில். “கை வெச்சுட்டேன்.” “கட்டியிருக்கு.” இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு முறைகூட நான் துணி கட்ட மறந்ததில்லை. தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள்.

போன கோடையில் தங்கைக்குப் படிக்கிற கண்ணாடி தேவைப்பட்டது. கண்ணாடிக் கடைக்காரர் மனைவியை இழந்தவர். நல்ல மனிதர், குறை சொல்ல மனசு வரவில்லை. ஒரு கண்ணாடிக்கு நான்கு முறை அளவு பார்க்க வரச் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. இலையுதிர் காலம் தொடங்கியதும் அவள் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“நீ தனியா இருந்துக்குவேக்கா. நீ தைரியசாலி. எனக்குத்தான் பயம்.”

“போகாதேன்னு நான் சொல்லவே இல்லையே” என்றேன்.

“அவங்க வீட்டுல சுவிட்சைப் போட்டா போதும்க்கா. மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்காது. உனக்கும் புதுசு ஒண்ணு வாங்கிப் போடச் சொல்றேன். எத்தனை நாளைக்கு இதோட மல்லுக்கட்டுவே?”

நான் சந்தோஷப்பட்டேன். உண்மையாகத்தான். அவளுக்குப் புடவை எடுத்தேன், பெட்டி வாங்கினேன். அவள் போவதைத் தடுக்க வேண்டுமென்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. வீட்டைவிட்டுப் போவதற்கு முன் பெரியவரைக் கடைசியாக ஒரு தடவை தூசி தட்டி, பெல்ட் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று அவள்தான் சொன்னாள். எங்கள் அளவுள்ள பெல்ட் இப்போதெல்லாம் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. பஸ் பிடித்து ஊரின் மறுகோடியில் இருக்கும் பழைய உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

கடை ஓரத்தில் ஒரு முக்காலியில் கைத்தடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் பெல்ட்டின் எண்ணைச் சொன்னதும் தலையைத் தூக்கினார்.

“அந்த நம்பர் இந்த ஊர்லயே ஒரே ஒரு மெஷினுக்குத்தான் இருந்துச்சு” என்றார். “அது இன்னுமா ஓடுது?”

முகத்தைவிடக் குரல்தான் முதலில் அடையாளம் தெரிந்தது. முட்டி தேய்ந்து வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறதாம். பொழுது போக இங்கே வந்து உட்காருகிறாராம். பேத்தி இருக்கிறாள், ஒரே வாயாடி என்றார். வேறு ஊருக்கு எப்போது போய்த் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன்.

“நான் எங்கே போனேன்? பொறந்ததுலேர்ந்து இதே தெருதான்.”

பிறகு கொஞ்ச நேரம் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். “பழைய கதை. இப்பச் சொன்னா தப்பில்லை. அன்னைக்கு எனக்கு வருத்தம்தான். ஆனா நீங்க சொல்லிவிட்டது நியாயம்னு பின்னாடி தோணுச்சு.”

“நான் என்ன சொல்லிவிட்டேன்?”

“கிரீஸ் பிடிச்ச கையைப் பிடிச்சுக்கிட்டுக் காலம் தள்ள முடியாதுன்னு. உங்ககிட்ட நேரா கேக்கத் தைரியம் இல்லாம உங்க தங்கச்சிகிட்டதான் கேட்டுவிட்டேன். பாவம், அது தயங்கித் தயங்கிச் சொல்லுச்சு. அழுதுடுச்சுகூட.” சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். “பாருங்க, ஆறு வருஷமா ஒரு மறையைத் தொடலை. நகத்துக்குள்ள இன்னும் போகலையே.”

கடைக்காரர் பெல்ட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நான் கையை நீட்டி வாங்கினேன். என் நகங்களுக்குள்ளும் கறுப்பு இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன செய்வார்? வீட்டுக்குப் போய்ப் பேத்தியோடு விளையாடும்போது அதை நினைத்துக்கொண்டிருப்பார். எனக்கு அது தேவையில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், தினமும் மேஜைக்கு எதிரில் பார்க்கிறேன். அப்போது தங்கைக்கு இருபத்தைந்து வயது. அம்மா செத்து மூன்று மாதம். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கத் தெரியாது. நானும் போய்விட்டால் அந்த வீட்டில் அவள் என்ன செய்வாள்? அவள் பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. ‘அக்கா, என்னை விட்டுட்டுப் போகாதே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அதுவும் அவளுக்குத் தெரியும். என்னிடம் கேட்டாலே கிடைத்திருக்கும் ஒன்றை அவள் திருடி எடுத்துக்கொண்டாள். அதுகூடப் பரவாயில்லை. ஆனால் அந்த வாக்கியம் என் வாயில் வராது மேடம். ஒருவர் கையைப் பற்றி அப்படிப் பேசுகிற பெண்ணாக ஒரு மனிதர் இருபத்திரண்டு வருஷம் என்னை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதே இருபத்திரண்டு வருஷம் நான் அவருடைய துணியைத் துவைத்து மடித்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டேன். “அந்த மெக்கானிக் ஏன் வராம நின்னுட்டார்?”

“எந்த மெக்கானிக்?” என்றாள். பிறகு, “வேற ஊருக்குப் போயிட்டார்னு நீதானேக்கா சொன்னே?”

எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டை மறுபடி கழுவினாள்.

அந்த இடத்தில் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டைக் கழுவி முடிக்கும்வரை காத்திருந்தேன். துடைத்து அடுக்கும்வரையும் காத்திருந்தேன். அவள் திரும்பி, “நாளைக்குப் பெல்ட்டை மாத்திடலாமாக்கா” என்று கேட்டாள். சரி என்றேன்.

மறுநாள் விடுமுறை. காலை பத்து மணி இருக்கும். நல்ல வெளிச்சம். நான் சுவிட்சை அணைத்துத் துணியைக் கட்டினேன். அவளைப் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் கட்டினேன். இரண்டு பேரும் கீழே போய்த் தூசி தட்டினோம். பழைய பெல்ட்டைக் கழற்றினோம். அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். “பெரியவரே, என்னை மறந்துடாதீங்க” என்று தகரத்தைத் தட்டிக் கொடுத்தாள். முன்சக்கரத்தில் நான் பெல்ட்டை மாட்டினேன். பின்சக்கரத்துக்கு அவள் குனிந்தாள். வழக்கம்போல நான் மேலே ஏறினேன்.

இன்னும் ஒரு விஷயம். கூடத்துச் சுவரில் ஒரு திருகு இருக்கிறது. சூடு, குளிர்ச்சி, வெறும் காற்றாடி என்று மூன்று நிலை. வேலை முடிந்து சோதிக்கும்போது அதைக் காற்றாடிக்குத் திருப்புவேன். சுவிட்சைப் போட்டதும் காற்றாடி உடனே சுழலும். மற்ற நிலைகளில் கொஞ்சம் தாமதமாகும். அன்று அந்தத் திருகைக் காலையில் காபி குடித்த கையோடு திருப்பி வைத்துவிட்டேன். எப்படியும் பிறகு செய்ய வேண்டிய வேலைதானே.

“அக்கா, கை வெச்சுட்டேன்.”

“கட்டியிருக்கு” என்றேன்.

நான் அதைச் சொன்னபோது துணி கட்டித்தான் இருந்தது. அதனால் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். நான் என் தங்கையிடம் பொய் சொன்னதில்லை. பிறகுதான் அவிழ்த்தேன். கட்டினவள் நான், அவிழ்த்தவளும் நான். அதிலும் முறை தவறவில்லை. துணியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

சத்தம் கேட்டதும் அணைத்தேன். துணியை எடுத்து மறுபடி கட்டினேன். அதன் பிறகுதான் படி இறங்கினேன். உள்ளே ஒரு கை இருக்கும்போது அப்படித்தான் செய்ய வேண்டும்.

மீதி உங்கள் காகிதத்தில் இருக்கிறது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள், அவள் கைக்கு நான் கட்டுப் போட்டிருந்த விதத்தைப் பார்த்து, நர்ஸா என்று கேட்டார்கள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நூலகத்திலிருந்து பூங்கொத்து அனுப்பினார்கள். கண்ணாடிக் கடைக்காரர் முதல் மூன்று நாளும் ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் நான் அவரிடம் பேசினேன். இனி வர வேண்டாம், விரல் இல்லாத கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் காலம் தள்ள வேண்டாம் என்று அவள் நினைக்கிறாள் என்றேன். நினைக்கிறாள் என்றுதான் சொன்னேன். சொன்னாள் என்று சொல்லவில்லை. அவள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேனே.

அவள் கண் விழித்ததும் நீங்கள் போய்க் கேட்டிருக்கிறீர்கள். அவள் சொன்னதை எனக்கு நர்ஸ் சொன்னார். “தப்பு என்னோடதுதான். சொல்லாம கொள்ளாம கீழ இறங்கிட்டேன். துணி கட்டலை. அக்காவுக்கு நான் உள்ள இருக்கிறதே தெரியாது. பார்க்காம போட்டுட்டா.” இப்படியே சொன்னாளாமே. பக்கத்தில் நின்று பார்த்தவள். “கட்டியிருக்கு” என்று என் குரலைக் கேட்டவள். அவளுக்கு எல்லாம் தெரியும். எதற்காக என்பதும் தெரிந்திருக்கும். அன்றைக்கே அந்தத் தட்டைக் கழுவும்போதே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தெரிந்துதான் கையை உள்ளே விட்டாளோ என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

நர்ஸ் சொன்னார், “எவ்வளவு பாசம் பாருங்க உங்க தங்கச்சிக்கு. உங்களுக்கு ஒரு கெட்ட பேர் வந்துடக் கூடாதுன்னு துடிக்கிறாங்க.”

அதைக் கேட்டதும்தான் மேடம் இங்கே வர வேண்டும் என்று முடிவு செய்தேன். அவள் என் பெயரில் பொய் சொல்வது இது இரண்டாவது தடவை. முதல் தடவை நான் ஒரு வாக்கியம் சொன்னதாகச் சொன்னாள். இந்தத் தடவை நான் துணி கட்டாத சுவிட்சைப் பார்க்காமல் போடுகிறவள் என்கிறாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம். அந்த முறையும் அழுதுகொண்டேதான் சொன்னாள். என்னைக் கேட்காமல் என் வாழ்க்கையைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லி முடித்துவிடுவது அவளுக்குச் சுலபமாக இருக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் செய்கிறாள் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். என் சார்பில் பேச அவளை நான் அனுப்பவில்லை.

ஆகவே திருத்தம் இதுதான். துணி கட்டியிருந்தது. கை உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். நான் பார்த்துத்தான் போட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

இன்று காலையில்தான் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு போர்வை போர்த்திவிட்டு வந்தேன். ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருந்தது; இந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. இடுக்கியால் பிடித்துப் பெல்ட்டை நானே பின்சக்கரத்தில் ஏற்றிவிட்டேன், என் கை போகாது என்று இத்தனை வருஷம் வீணாக நினைத்திருக்கிறேன். சுவிட்சைப் போட்டால் கால் மணியில் வீடு முழுக்கக் கதகதப்பாகிவிடும்.

கிளம்பும்போது சுவிட்சில் துணியைக் கட்டிவிட்டு வந்தேன். லேசான முடிச்சுதான், இடது கையாலேயே அவிழ்த்துவிடலாம். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உங்கள் ஆட்களை அனுப்பி அவிழ்க்கச் சொல்ல வேண்டாம், அவள் தொட விட மாட்டாள். கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நான் வரும்வரை அவள் எங்கும் போக மாட்டாள்.